சம்ப் தண்ணியில கம்ப்யூட்டரை கூல் பண்ணலாமா?

கேள்வி: சார், வீட்லயே 3டி ரெண்டரிங் பண்றேன், ராத்திரி முழுக்க சிஸ்டம் ஓடுது, மே மாசம்னா ரூம்ல உக்காரவே முடியல. கீழ 5,000 லிட்டர் சம்ப் இருக்கு. மீன்தொட்டி மோட்டார் வச்சு அந்தத் தண்ணியையே வாட்டர் பிளாக்ல (சிப் மேல உக்காந்து, உள்ள ஓடுற தண்ணிக்கு சூட்டைக் கடத்துற செம்புக் கட்டி) ஓட விட்டா என்ன?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சரியான இடத்துலதான் கை வச்சிருக்கீங்க தம்பி. கடையில விக்கிற வாட்டர் கூலர் சிபியூ சூட்டை எடுத்து ரேடியேட்டர் ஃபேன் வழியா உங்க ரூமுக்குள்ளயேதான் தள்ளும், சிப் குளிரும், நீங்க வேர்ப்பீங்க. சம்ப்னா சூடு ரூமை விட்டே வெளிய போயிடுது, அதான் இதுல பெரிய லாபம். சிபியூவும் கிராபிக்ஸ் கார்டும் சேந்து 300 வாட்னு வைங்க, 5,000 லிட்டர் தண்ணி ஒரே ஒரு டிகிரி ஏறவே 19 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள வீட்ல கொஞ்சம் தண்ணி செலவாகி புதுசா ரொம்பிடும்.

ஆனா சம்ப் தண்ணியை நேரா உள்ள விடாதீங்க. வாட்டர் பிளாக்குக்குள்ள செம்புத் தகடுங்களுக்கு நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூட இருக்காது, போர் தண்ணி உப்பு கொஞ்ச நாள்ல அடைச்சிரும். பின்லாந்துல ஹமினாங்கிற ஊர்ல ஒரு பழைய பேப்பர் மில்லை கூகுள் டேட்டா சென்டரா மாத்துச்சு, கடல் தண்ணியிலதான் கூலிங், ஆனா அந்த உப்புத்தண்ணி சர்வர் பக்கமே வராது, நடுவுல வெப்பத்தை மட்டும் கை மாத்தி விடுறாங்க. நீங்களும் அதையே பண்ணுங்க. ஏசி மெக்கானிக்குங்க போடுற 3/8 இஞ்ச் செம்புக் குழாய் ஒரு பத்து மீட்டர் வாங்கி சுருளா சுத்தி சம்ப் அடியில இறக்குங்க (தண்ணி குறைஞ்சாலும் முழுகியே இருக்கணும்), உள்ள சுத்துறது தனியா டிஸ்டில்டு வாட்டர். கார் கூலன்ட் வேண்டவே வேண்டாம், அது விஷம், குழாய் கசிஞ்சா வீட்ல எல்லாரும் புழங்குற தண்ணியில கலந்துரும். அலுமினிய பாகம் எதையும் இந்த லூப்ல சேக்காதீங்க, செம்போட சேந்தா அரிச்சிரும்.

மோட்டார் மாடிக்கு ஏத்துமான்னு பயப்பட வேண்டாம். ரிசர்வாயரை (லூப்புக்குத் தண்ணி ஊத்துற சின்ன டேங்க்) எல்லாத்துக்கும் மேல வச்சு தண்ணி ஊத்தி, காத்தை முழுசா வெளியேத்திட்டா, இறங்குற தண்ணியே ஏறுற தண்ணிக்கு சமமாயிடும், மோட்டாருக்கு குழாயோட உரசல் மட்டும்தான் பாரம். மோட்டார் 12 வோல்ட்ல பாத்து வாங்குங்க, அதை ரூம்லயே வைங்க, சம்புக்குள்ள கரன்ட் ஒயரே போகக்கூடாது.

கேள்வி: பக்கெட்ல ஐஸ் போட்டு ஓட்டினா?
– இன்னொரு வாசகர், சென்னை

பதில்: வேணாங்க. ஒரு கிலோ ஐஸ் உருகுற குளிர்ச்சி 300 வாட்டுக்கு 20 நிமிஷம் கூட தாங்காது. அதை விட மோசம், சென்னை புழுக்கத்துல அந்த ஜில் தண்ணி ஓடுற பிளாக் மேல வேர்த்து மதர்போர்டுல சொட்டும். ரூம் சூட்டுக்குக் கீழ தண்ணியை ரொம்ப இறக்காம இருக்கிறதுதான் நம்ம ஊருக்கு சரி.