படம் மட்டும் மங்கலாகத் தெரிகிறதா? கேள்வி பதில்

எல்லோருக்கும் முதலில் ஒரு சோதனை. மங்கலான பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு போனில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே பளிச்சென்று இருந்தால் கோளாறு உங்கள் திரையிலோ கேபிளிலோதான். அங்கேயும் மங்கல் என்றால் பிரவுசர், நெட் அல்லது அந்தப் படமே காரணம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள்; போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி, சோதனையையே கெடுத்துவிடும்.

கே: சார், புது லேப்டாப், 15.6 இன்ச், 1920×1080. எழுத்து கூர்மையாக இருக்கிறது, படங்கள் மட்டும் லேசாகக் கலங்கித் தெரிகின்றன. கடையில் மாற்றிக் கேட்கலாமா?

அவசரப்படாதீர்கள். இந்த அளவுத் திரைகளில் விண்டோஸ் பெரும்பாலும் 125% ஸ்கேலிங் வைத்திருக்கும், அதாவது எல்லாவற்றையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். 400 பிக்சல் அகலப் படம் 500 பிக்சலுக்கு இழுக்கப்படும். இல்லாத 100 பிக்சலைப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துதான் பிரவுசர் நிரப்பியாக வேண்டும். எழுத்து அப்படியில்லை, எந்த அளவு கேட்டாலும் அந்த அளவுக்கே புதிதாக வரையப்படும்.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸைத் தட்டி ஜூமை 80% ஆக்குங்கள். 1.25 × 0.8 = 1, அதாவது பிக்சலுக்குப் பிக்சல். படம் சட்டென்று கூர்மையானால் அந்தத் தளம் சின்னப் படத்தைத்தான் தருகிறது, லேப்டாப்பில் குறையில்லை. கன்ட்ரோல் + 0 அழுத்தினால் ஜூம் பழையபடி 100% ஆகிவிடும். ஸ்கேலிங்கையே 100% ஆக்கலாம்தான். படம் தேறும், எழுத்து எறும்பு சைஸாகிவிடும்.

கே: அண்ணா, 43 இன்ச் டிவியை ஹெச்டிஎம்ஐயில் கம்ப்யூட்டருக்கு மாட்டியிருக்கிறேன். ஓரம் வெட்டுப்படுகிறது, படமும் எழுத்தும் பிசிறடிக்கின்றன.

ஓவர்ஸ்கேன். பழைய ஒளிபரப்புக் கால வழக்கப்படி டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது. டிவியின் படவிகித மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும்; கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதைப் போடுங்கள். விண்டோஸில் ரெசல்யூஷன், 'ரெக்கமெண்டட்' என்று காட்டுவதில் இருக்க வேண்டும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், அதிகம் வைத்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும்.

இத்தனைக்கும் பிறகு கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கினால், டிவி நிற விவரத்தைப் பாதியாக்குகிறது என்று பொருள். பல டிவிகளில் அந்த இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே சரியாகிவிடும்.

கே: வைஃபையில் நன்றாக வரும் படம், மொபைல் டேட்டாவில் மட்டும் சதுரம் சதுரமாக உடைகிறது. நெட்வொர்க்காரன் சுருக்கி அனுப்புகிறானா?

3ஜி டாங்கிள் காலத்தில் அது நடந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பில் ஓடுவதால் நடுவழியில் யாரும் படத்தைத் தொட முடியாது. பிரவுசருக்குள்ளே பாருங்கள். ஓபரா மினி போன்றவை பக்கத்தைத் தங்கள் சர்வரில் சுருக்கித்தான் தருகின்றன. செட்டிங்ஸில் டேட்டா சேமிப்பு, படத் தரம் இரண்டையும் மாற்றுங்கள். சில ஆப்களிலும் மொபைல் டேட்டாவுக்கென்று தனி டேட்டா சேவர் உண்டு.

கே: செய்தித் தளங்களில் படம் பனிமூட்டம்போல் வந்து அப்படியே நிற்கிறது.

அது பத்து இருபது பிக்சல் அளவே உள்ள முன்படம்; இழுத்துப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையான படத்தை ஒரு ஸ்கிரிப்ட் பின்னால் கொண்டுவர வேண்டும். விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணைக் கருவி) அதையும் சேர்த்து அடைத்துவிட்டால் மூட்டம் விலகாது. பிரவுசரின் தனி விண்டோவான இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக ஓடாது என்பதால் அதில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்து ஆளைப் பிடிக்கலாம்.

கே: விஜிஏ கேபிள், பழைய மானிட்டர். எல்லாவற்றுக்கும் நிழல் விழுகிறது.

இரு முனைத் திருகையும் இறுக்கி, மானிட்டரில் 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். போகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

கே: வளைகாப்புப் பத்திரிகைக்குக் கூகுளிலிருந்து அம்மன் படம் எடுத்தேன். போனில் அழகாக இருந்தது, பிரஸ்ஸில் "புள்ளி புள்ளியாக வரும்" என்கிறார்கள்.

நீங்கள் சேமித்தது தேடல் பட்டியலில் வரும் சிறுபடம். கம்ப்யூட்டரில் அதைச் சொடுக்கி, மூலத் தளத்துக்கே போய், படத்தை வலது சொடுக்கிப் புதிய டேபில் திறங்கள். குரோமில் டேப் தலைப்பிலேயே அளவு தெரியும். 5×7 இன்ச் பத்திரிகை முழுக்க நிரப்ப, இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்கில் 1500×2100 பிக்சல் வேண்டும். மூலையில் ஒரு இன்ச் அம்மன் போதுமென்றால் 300×300 தாங்கும்.