நூறு பழைய கேம்களும் மூன்றாவதில் நின்றுவிட்டவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் நான்கைந்து பேர், "பழைய கேம் எதையாவது விளையாடிப் பார்க்கணும், ஒரு லிஸ்ட் கொடுங்க" என்றார்கள். ஆர்வத்தோடு உட்கார்ந்து நூறு கேம்களைக் காலவரிசைப்படி எழுதிக் கொடுத்தேன். முதலில் 'பாங்', அடுத்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', பிறகு அட்டாரி 2600 என்ற வீட்டுக் கேம் இயந்திரத்தில் வந்த 'அட்வென்ச்சர்' என்று போகும். சில வாரம் கழித்து விசாரித்தால் ஒருவரும் மூன்றாவதைத் தாண்டவில்லை. பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வரலாற்றில் முக்கியமான கேம்களை எப்படி விடுவது? எனக்குச் சிறுவயதில் பிடித்தது எது, உண்மையிலேயே நல்லது எது என்று எப்படிப் பிரிப்பது? எத்தனை கேம்கள் இருந்தால் போதும்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பட்டியலை முழுக்கப் படித்தேன். அதில் தள்ளவேண்டிய கேம் என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர்கள் ஏன் மூன்றாவதில் நின்றார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அந்த மூன்றையும் அவர்கள் எந்த நிலையில் திறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

'பாங்' 1972-இல் வந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு குமிழைத் திருகி ஆடவேண்டிய கேம் அது. தனியாக உட்கார்ந்து கீபோர்டில் ஆடினால் அதில் ஒன்றும் மிஞ்சாது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978) பரவாயில்லை, இன்றும் ஆடலாம். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலத்து இயந்திரம் தானாகவே வேகமாக ஓடியது, அதை உருவாக்கிய நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். இதைச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் அந்த வேகமே ஒரு சுவாரசியம். சொல்லாமல் கொடுத்தால் ஒரே மாதிரி சுட்டுக்கொண்டிருக்கும் சலிப்புதான். 'அட்வென்ச்சர்' (1980) இன்னும் கஷ்டம். அதில் நாம் ஒரு சின்னச் சதுரம். என்ன தேடுகிறோம், எந்தச் சாவி எந்தக் கோட்டைக்கு என்பதெல்லாம் கூட வந்த கையேட்டில்தான் இருந்தது. வடிவமைப்பாளர்களின் பெயரை அட்டாரி வெளியிடாத காலத்தில் வாரன் ராபினெட் தன் பெயரை ஒரு ரகசிய அறையில் எழுதி ஒளித்துவைத்தார். அதற்காகவே அந்தக் கேமைத் தேடிப்போகலாம். உங்கள் நண்பர்களுக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரிந்திருக்காது.

மூன்று கேம்களுக்கும் மூன்று விதமான துணை தேவைப்பட்டது. உங்கள் பட்டியலில் பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தன. பட்டியலைத் தொடங்கும் முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்: இதை யார், எதில், எவ்வளவு நேரம் ஆடப்போகிறார்? மற்ற எல்லா முடிவும் அதிலிருந்து வரும்.

உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. வரலாற்றுக்கு ஒரு பட்டியல், ஆடுவதற்கு ஒரு பட்டியல் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஐந்தே வாரத்தில் அவசரமாகச் செய்யப்பட்ட 'ஈ.டி.' (1982) வரலாற்றில் கட்டாயம் வரும். விற்காத கார்ட்ரிட்ஜ்களை (கேம் அடங்கிய சிறு பெட்டிகளை) பாலைவனத்தில் புதைத்ததும், 2014-இல் தோண்டி எடுத்ததும் அருமையான கதை. அந்தக் கதையைப் படிக்கச் சொல்லுங்கள், கேமை ஆடச் சொல்லாதீர்கள். 'டெட்ரிஸ்' இரண்டு பட்டியலிலும் வரும். 1989-இல் கேம்பாயில் வந்ததை இன்று ஒருவர் கையில் கொடுத்தால் எந்த விளக்கமும் தேவைப்படாது, அரை மணி நேரம் போனதே தெரியாது. இரண்டிலும் வரும் கேம்கள் கொஞ்சம்தான். அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சிறுவயது ஆசையைப் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறுபடி ஆடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கடந்த ஓராண்டுக்குள் ஆடாத எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்திருக்கும் விதி. ஆடும்போது முதல் கால் மணி நேரத்தை மட்டும் கவனியுங்கள். எந்த இடத்தில் உங்கள் பழைய நினைவு உங்களுக்கு உதவியது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர் மாட்டிக்கொள்ளப்போவது அந்த இடத்தில்தான்.

'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' (1985) இதில் அசைக்கமுடியாமல் நிற்கிறது. முதல் லெவலில் ஒரு காளான் எதிரி நம்மை நோக்கி நடந்து வருகிறது. தாண்டவேண்டும், இல்லையென்றால் சாகவேண்டும். செத்தாலும் சில நொடிதான் நஷ்டம். ஒரு வார்த்தை இல்லாமல் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா' வேறு மாதிரி. கையேடும் வரைபடமும் பெட்டிக்குள் இருந்தன, ஆடுபவர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார் என்று நினைத்தே அது செய்யப்பட்டது. அவை இல்லாமல் ஆடுகிறவருக்கு நாம் பாதிக் கேமைத்தான் கொடுக்கிறோம். பழைய கையேடுகள் பலவற்றை ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். கேமின் பெயருக்குக் கீழேயே "முதலில் கையேட்டைப் படியுங்கள்" என்று எழுதிவிடுங்கள்.

'கான்ட்ரா'வுக்கும் இப்படித்தான். மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ: இந்த வரிசையை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் பிறந்த கேம் அது. சீக்கிரம் சாகடித்தால்தான் அடுத்த காசு விழும் என்ற கணக்கு அதன் கடினத்துக்குள் இருக்கிறது. வீட்டில் ஆடுகிறவருக்கு அந்தக் கணக்கோடு சம்பந்தமே இல்லை. பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டரில் இடையில் சேவ் செய்துகொள்வதும் அப்படியே. கடைசி லெவல் வரை பார்த்துவிடட்டும், பிடித்திருந்தால் நேர்மையாக இன்னொரு முறை ஆடுவார்கள்.

இனி, உங்கள் பட்டியலில் சுத்தமாக இல்லாத ஒன்று: எந்த வெர்ஷன் என்ற குறிப்பு. பட்டியல் போடுபவர்களில் பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. ஒரே பெயரில் வந்தவை ஒரே கேம் அல்ல. 'மார்ட்டல் காம்பாட்' 1993-இல் வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது சூப்பர் நின்டெண்டோவில் ரத்தத்துக்குப் பதில் வியர்வை தெறித்தது. சேகாவில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் வரும். மூன்றாவது 'காசில்வேனியா'வின் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜில் இசைக்கென்று கூடுதலாக ஒரு சிப் இருந்தது, அமெரிக்கப் பதிப்பில் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். 'மெகா மேன் 2' அமெரிக்காவுக்கு வந்தபோது ஒரு சுலப நிலையைச் சேர்த்தார்கள். அதில் 'கடினம்' என்று இருப்பதுதான் ஜப்பானில் வந்த அசல். ஐரோப்பிய டிவிகள் அமெரிக்காவைப் போல நொடிக்கு 60 முறை இல்லாமல் 50 முறையே (50 ஹெர்ட்ஸ்) படத்தை மாற்றியதால் அங்கே வெளியான பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. 'சோனிக்' மாதிரி வேகத்துக்காகவே செய்த கேமை ஒருவர் அந்த வெர்ஷனில் ஆடிவிட்டு "இதுதானா?" என்று கேட்டால் தப்பு அவர்மேல் இல்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேன்டஸி 3' என்று விற்றது உண்மையில் ஆறாவது. மூன்றாவதைச் சிபாரிசு செய்கிறீர்கள் என்றால் எந்த மூன்று என்று ஒரு வரி எழுதியே ஆகவேண்டும்.

ஸ்கிரீனும் முக்கியம். 'டக் ஹன்ட்' துப்பாக்கி பழைய பிக்சர் டியூப் டிவியின் ஒளியை நம்பி வேலை செய்தது. இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கியால் ஒரு வாத்தைக்கூடச் சுட முடியாது. 'சோனிக்'கின் முதல் பகுதியில் வரும் அருவியைக் கோடு கோடாக வரைந்திருப்பார்கள். பழைய டிவியில் அந்தக் கோடுகள் கலங்கி, தண்ணீருக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். இன்றைய ஸ்கிரீனில் வெறும் கோடு. பல எமுலேட்டர்களில் பழைய டிவி போலக் காட்டும் ஃபில்டர் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், கேம் எங்கே கிடைக்கும்? 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களின் இணையக் கடையை மூடியதில் இன்னும் பல போயின. அதனால் கிடைக்காத கேமைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் எதை மறுபடி விற்கலாம் என்று நிறுவனங்கள் எடுக்கும் முடிவே நம் ரசனையாகிவிடும். கிடைப்பதில்லை என்பதை வெளிப்படையாக எழுதுங்கள், போதும். பழைய கணினிகளின் டாஸ் இயங்குதளத்தில் ஓடிய ஆயிரக்கணக்கான கேம்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரவுசரிலேயே ஆடலாம். தயங்குகிறவர்களுக்கு அது நல்ல வாசல்.

எண்ணிக்கைக்கு நீண்ட பதில் தேவையில்லை. பன்னிரண்டு போதும். அவற்றில் குறைந்தது மூன்று நான்கு வழக்கமான பட்டியல்களில் வராதவையாக இருக்கட்டும். உங்கள் நூறில் தொண்ணூறுக்கு மேல் நின்டெண்டோவும் சேகாவும்தான். பிரிட்டனில் அதே ஆண்டுகளில் பிள்ளைகள் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் வேறு கேம்களை ஆடி வளர்ந்தார்கள். டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ என்ற கணினியில் எழுதிய 'எலைட்' 32 கேபி நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 கோள்களோடு அடக்கியது. கரோல் ஷா 1982-இல் செய்த 'ரிவர் ரெய்டு' இன்னும் ஆச்சரியம். வெறும் 128 பைட் ரேம் கொண்ட அட்டாரியில் ஒரு முழு ஆற்றையும் கணக்குப் போட்டே உருவாக்கிவிடும். இது எந்த விளக்கமும் இல்லாமல் இன்றும் ஆடத் தகுந்த கேம்.

ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி எழுதுங்கள். நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று ஒன்றைக் காட்டுகிறேன்:

"பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989, ஜோர்டன் மெக்னர். அசல் ஆப்பிள் 2-இல் வந்தது, நீங்கள் டாஸ் வெர்ஷனை ஆடுங்கள். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். மெக்னர் தன் தம்பி ஓடுவதைப் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்தார். அதனால் இந்த ஆள் ஓடினால் உடனே நிற்கமாட்டான், முதல் பத்து நிமிடம் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்டை அழுத்தி நடந்தால் பள்ளத்தின் விளிம்பில் எச்சரிக்கையாக நிற்கலாம். தொடங்கும்போது கையில் வாள் இருக்காது, காவலனிடம் போகாமல் முதலில் அதைத் தேடுங்கள்."

எரிச்சல் வரும் என்று முன்பே சொல்லிவிடுவது முக்கியம். சொல்லாவிட்டால் கேம் மோசம் என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

காலவரிசையை விட்டுவிடுங்கள். சுலபமாக உள்ளே நுழையக்கூடியதை முதலில் வையுங்கள், பொறுமை கேட்பதைப் பின்னால் தள்ளுங்கள். யார் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டு, அதற்கேற்பக் குறிப்பை மாற்றி எழுதுங்கள். அந்த நான்கைந்து பேரும் பக்கத்திலேயே இருப்பது பட்டியல் போடும் எல்லோருக்கும் வாய்க்காத வசதி.

சுருக்கியதை எனக்கு அனுப்புங்கள். கதையும் புதிருமாகப் போகும் கேம்களில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். உங்கள் நூறில் 'கிங்ஸ் குவெஸ்ட் 5' இருக்கிறது. அதில் பூனை துரத்தும் எலியைக் காப்பாற்றத் தவறினால், வெகுநேரம் கழித்து ஓர் இடத்தில் கட்டிப்போடப்பட்டு வெளியே வரவே முடியாமல் போகும், காரணமும் தெரியாது. அதே 1990-இல் வந்த 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' இப்படி ஆடுபவரை முட்டுச்சந்தில் விட்டுவிடக் கூடாது என்று தீர்மானித்தே செய்யப்பட்டது. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு மங்கி ஐலண்டுக்கு.