ஆய்வு சிகரெட்டுகளை ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டுமா? அலமாரியில் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும், மைனஸ் 20 டிகிரியில், காற்றுப் புகாமல் மூடி. அலமாரியில் கிடக்கட்டும், சோதனைக்கு முன்னால் 48 மணி நேரம் கண்டிஷனிங் செய்தால், அதாவது குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்தால், சரியாகிவிடும் என்று உங்கள் ஆய்வகத்தில் யாரோ மூத்தவர் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் சிகரெட் கம்பெனி ஆள் இல்லை, யாரும் அந்தக் கோணத்தில் சண்டைக்கு வர வேண்டாம். 3ஆர்4எஃப், 1ஆர்6எஃப் போன்ற கென்டக்கி பல்கலைக்கழக ஒப்பீட்டு சிகரெட்டுகள் புகையில் உள்ள நஞ்சை அளக்கிறவர்களுக்கான அளவுகோல். அந்த அளவுகோலே மாறிப்போனால் அதை வைத்து எடுத்த எண்கள் எல்லாம் வீண்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மெந்தால் (புதினா வாசனைப் பொருள்) சேர்க்காத சிகரெட்டை அளந்தபோது மெந்தால் பீக், அதாவது அது இருப்பதைக் காட்டும் மேடு, வரைபடத்தில் வந்தது. சிறியதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது. ஜிசி (வாயு குரோமடோகிராஃபி கருவி) ஊசியில் பழைய மாதிரி ஒட்டியிருக்கிறது, நீ சரியாகக் கழுவவில்லை என்றார்கள். பிளாங்க், அதாவது மாதிரி எதுவும் இல்லாத வெறும் கரைப்பான், ஓட்டிக் காட்டினேன், சுத்தமாக இருந்தது. கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் நான் அலமாரியைத் திறந்து காட்டினேன்: பிரித்த மெந்தால் பாக்கெட்டுகளும் சாதா பாக்கெட்டுகளும் ஒரே தட்டில் பல மாதமாக ஒன்றாகக் கிடந்தன. மெந்தால் எளிதில் ஆவியாகும், புகையிலையிலிருந்து ஃபில்டருக்கும் உறைத்தாளுக்கும் போகும், பக்கத்துப் பாக்கெட்டுக்கும் போகும். ஃபில்டரையும் உறையையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து அளந்தேன், மெந்தால் சிகரெட்டில் குறைந்திருந்ததில் பெரும்பகுதி அங்கே இருந்தது. அந்த வேலையில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஆனால் மெந்தாலைவிடக் கவலைப்பட வேண்டியது புகையிலையில் உருவாகும் நைட்ரோசமைன்கள் என்ற சேர்மங்கள், குறிப்பாக என்என்என், என்என்கே என்ற இரண்டு. இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவை. புகையிலையில் இருக்கும் நைட்ரேட்டைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அது நிக்கோடின் வகை ஆல்கலாய்டுகளோடு வினைபுரிந்து இவற்றை உண்டாக்கும். வெப்பம் ஏறினால் பாக்டீரியா இல்லாமலேயே நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வந்து அதே வேலையைச் செய்யும். ஈரமும் சூடும் சேர்ந்த அறை என்றால் கேட்கவே வேண்டாம். பர்லி என்ற புகையிலை வகையின் இலை அதிகமுள்ள கலவையில் நைட்ரேட்டும் அதிகம், அங்கே இன்னும் கவனம் தேவை.

கண்டிஷனிங்குக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 3402 இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். அது சரிசெய்வது தண்ணீரை மட்டும்தான். காய்ந்த சிகரெட் வேகமாக எரியும், இழுப்பு எண்ணிக்கை குறையும், அதற்காகத்தான் அந்த விதி. போன மெந்தாலை அது திருப்பித் தராது, உருவான என்என்கேவைக் கரைக்காது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பாக்கெட்டைப் பிரித்துவிடாதீர்கள். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரம் புகையிலை மேல் நீராகப் படியும்.

இதைக் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்த மெந்தால் வேலை ஒரு கட்டுரையில் ஒரு பத்தியாக வந்தது, என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. மாதிரி எங்கே இருந்தது, எந்த வெப்பநிலையில் இருந்தது என்று குறித்து வைக்கிற டெக்னீஷியன்களை எழுத்தாளர் பட்டியலில் சேர்க்க ஏன் இவ்வளவு தயக்கம்? அந்தக் குறிப்பு இல்லாமல் கட்டுரையே நிற்காது.

ஏற்கெனவே வெளியே வைத்த பெட்டிகள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து வெளியே இருக்கிறது என்று எழுதித் தனியாக வையுங்கள், ஃப்ரீசரில் இருக்கும் அதே லாட்டோடு (ஒரே தடவையில் தயாரான தொகுதியோடு) வைத்து என்என்கே ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் அந்தப் பெட்டிகளைப் புதியவர்களுக்குப் புகைக்கருவி பழக்கக் கொடுங்கள், ஒப்பீட்டுக்கு வேண்டாம்.