பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கணினி மையத்துக்கு 10 ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) இடம் போதுமா? கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது?

ரேக் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலும் இடம் மிஞ்சிக் கிடக்கும்; முதலில் தீர்ந்துபோவது மின்சாரமும் குளிரூட்டலும்தான். கணக்கைக் கிலோவாட்டில் போடுங்கள்.

எட்டு ஜிபியு (ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும் சிப்) உள்ள என்விடியாவின் டிஜிஎக்ஸ் எச்100 சர்வர் ஒன்று உச்சத்தில் 10.2 கிலோவாட் இழுக்கும். நான்கு வாங்கினால் 40.8. சிபியு சர்வருக்குத் தலா 0.8 என்று வைத்தால் 40 சர்வருக்கு 32. ஸ்டோரேஜ், நெட்வொர்க்குக்கு 6. ஆக, சுமார் 79 கிலோவாட். இத்தனையும் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். ஒரு டன் ஏசி 3.517 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும் என்பதால் 22.5 டன் தேவை. 12 டன் யூனிட் இரண்டு ஓடட்டும், மூன்றாவது உபரியாக நிற்கட்டும். விற்பவர் சொல்லும் டன்னில் காற்றின் ஈரத்தை நீக்கும் பங்கும் சேர்ந்திருக்கும். சர்வர் வெளிவிடுவதோ வறண்ட வெப்பம். ஆகவே 'சென்சிபிள்' திறன், அதாவது வறண்ட வெப்பத்தை மட்டும் எடுக்கும் திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மின் இணைப்பு. 400 வோல்ட், 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ் லைன் 22 கேவிஏ (இங்கே ஏறக்குறைய கிலோவாட் என்றே கொள்ளலாம்) தரும். தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதம், அதாவது 17.7 வரைதான் ஏற்றலாம். மேலே சொன்ன ஜிபியு சர்வர் இரண்டை இதில் மாட்ட முடியாது. ஏ, பி என்று இரண்டு லைன் கொடுத்தாலும், ஒன்று போனால் மற்றொன்றே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். எனவே சாதாரண நேரத்தில் ஒவ்வொன்றிலும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு: சில ஜிபியு சர்வர்களில் ஆறு பவர் சப்ளை இருக்கும், குறைந்தது நான்கு ஓடினால்தான் சர்வர் நிற்காது. அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்து மாட்டினால், ஒரு லைன் போனதும் சர்வரும் அணைந்துவிடும்.

யுபிஎஸ்ஸில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். ஸ்டோரேஜ், லாகின் நோடு (பயனர்கள் உள்நுழையும் சர்வர்), நெட்வொர்க் போதும். மின்சாரம் போய் ஏசி நின்றபின் கணக்கீட்டு நோடுகள் (ஜிபியு, சிபியு சர்வர்கள்) மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடினால் சில நிமிடங்களிலேயே அறை கொதித்துவிடும். அவை அணையட்டும், நீண்ட ஜாப்களை செக்பாயின்ட் எடுக்கும்படி, அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர அவ்வப்போது நிலையைச் சேமிக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

வளர்ச்சியைக் கணிக்க ஸ்லர்மின் (ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்) sacct கட்டளை தரும் பதிவுகளில் ஜிபியு மணி நேரத்தையும் வரிசையில் காத்திருந்த நேரத்தையும் மாதவாரியாக எடுங்கள். குளிர்நீரால் குளிரூட்டும் மையமானால், இப்போது தேவையில்லை என்றாலும் பின்னால் வரும் சர்வர்களுக்காகக் குளிர்நீர்க் குழாயில் வால்வுடன் கிளை விட்டு வையுங்கள். ஓடுகிற மையத்தில் பிறகு குழாயை வெட்டுவது பெரும்பாடு. ஆராய்ச்சி மானியத்தில் பேராசிரியர்கள் வாங்கும் சர்வர்கள் திடீரென வந்து இறங்கும். ஆகவே கொள்முதல் படிவத்திலேயே கிலோவாட், எடை, பிளக் வகை ஆகியவற்றுக்குக் கட்டம் வைத்து, மையத்தின் கையெழுத்து இல்லாமல் ஆர்டர் போகாதபடி செய்யுங்கள்.