மண்மணிக்கு எனாமல் எதற்கு?

கேள்வி: களிமண்ணில் நானே மணிகள் உருட்டிச் சுட்டெடுத்தேன். பொன்னிற எனாமல் பூசி, நைலான் இழையில் 40 மணிகளைக் கோத்து மாலையாக்கினேன். பார்ப்பதற்கு பிளாஸ்டிக் போலவே இருக்கிறது, கழுத்தும் வலிக்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு முறை அறுந்து, மணிகள் கூடமெங்கும் சிதறிவிட்டன. நாட்டுப்புறக் களையோடு அமைய என்ன செய்யலாம்? இரண்டு மணிகளை இத்துடன் அனுப்பியுள்ளேன்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மணிகளில் ஒன்றின் எனாமலைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே நல்ல செங்கல் சிவப்பு. ஒரு பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. நீங்கள் தேடும் களை அதுதான். அதன்மேல்தான் எனாமல் பூசியிருக்கிறீர்கள்!

இனிச் செய்யும் மணிகளுக்குச் சாயமே வேண்டாம். மண் பாதி காய்ந்திருக்கும்போது வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் போதும், சுட்ட பிறகும் அடக்கமான மினுமினுப்பு நிற்கும். கறுப்பு மணி வேண்டுமென்றால் உமியோடு சட்டியில் வைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சுடுங்கள். புகைக்கரி மண்ணுக்குள் ஏறிவிடும். திறந்த நெருப்பில் சுட்டால் சிவப்பு. இந்த இரண்டு நிறங்களே ஒரு மாலைக்குப் போதும். 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் உங்களுக்கு அதிகத் தொலைவில்லை. ஒருமுறை போய் அங்குள்ள மணிகளைப் பாருங்கள்.

அறுந்ததற்கு நைலானை மட்டும் குறை சொல்ல முடியாது. துளையின் விளிம்பைத் தடவினேன், விரலைக் கீறியது. ஈர மண்ணில் ஊசி குத்தி உருவும்போது பிசிர் எழும்பும். அதை அப்படியே சுட்டுவிட்டால் கத்தி முனைதான். எந்த இழையும் தாங்காது. ஈர்க்குச்சியால் துளையிடுங்கள். சற்று இறுகியதும் இரண்டு பக்கமும் திருகி, ஈர விரலால் விளிம்பை மழுக்குங்கள். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்பதால் துளை நூலைவிடத் தாராளமாக இருக்கட்டும். ஏற்கெனவே சுட்ட மணிகளை மெல்லிய வட்ட அரத்தால், தண்ணீர் தொட்டு அராவிக்கொள்ளலாம்.

நூலுக்கு முறுக்கேறிய பருத்திக் கயிறே பொருத்தம். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்தெடுங்கள். வியர்வையில் சீக்கிரம் நைந்துபோகாது. ஒவ்வொரு மணிக்கும் இருபுறமும் முடிச்சுப் போடுங்கள். நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும்; மணியோடு மணி உரசிப் பொடியும் உதிராது. முடிச்சுகள் நூலை நிறைய விழுங்கும், மாலை நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து வலிக்கத்தான் செய்யும். 2 செ.மீ. மண்மணி ஒன்று ஏறக்குறைய 7 கிராம். நாற்பது சேர்ந்தால் கால் கிலோவுக்கு மேல். முன்பக்கத்தில் 9 பெரிய மணிகள் போதும். அவற்றின் இருபுறமும் சில சிறு மணிகள், பிறகு பிடரிவரை வெறும் கயிறு. மணிகள் ஒரே அளவில் இருக்க வேண்டாம். உருட்டும்போது கோணலாகப் போனவற்றைக் கழித்துவிடாதீர்கள், அவையே முன்னால் வரட்டும். கொக்கியும் தேவையில்லை. கயிற்றின் இரண்டு முனைகளையும் பெரிய துளையுள்ள ஒரு மணிக்குள் நுழைத்து நுனியில் முடிந்துவிட்டால், மாலையை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

ரேகை பதிந்த அந்த மணியின் எனாமலை முழுவதும் நீக்கி, துளையை அராவித் திருப்பி அனுப்புகிறேன். நடுமணியாக அதையே வையுங்கள்.