12 வயது மகளுக்கு 18 நாளாகியும் மாதவிடாய் நிற்கவில்லை. அவளுக்கு எப்படி உதவுவது?

மகள் வயதுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, இந்த முறை 18 நாளாகியும் உதிரப்போக்கு நிற்கவில்லை, வீட்டுப் பெரியவர்கள் "ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள், பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. தென்காசிப் பக்கம் வீட்டிலேயே தையல் தைப்பவள். என் மகளுக்கு 13 வயதில் 26 நாள் நிற்காமல் போனது. அது நிற்கவில்லை என்பதே 19-ம் நாள்வரை எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 18 நாள் என்பது காத்திருக்கும் கணக்கு இல்லை. நாளைக் காலையிலேயே மகப்பேறு மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினாலோ விடியும்வரைகூட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் மகள் ஏன் மறைத்தாள் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. ஆறாம் நாள் தலைக்கு ஊற்றினால்தான் அடுப்பங்கரைக்குள் வரலாம். நானும் அப்படி வளர்ந்தவள், அதனால் கேள்வி கேட்கவில்லை. அந்த மாதம் எங்கள் குலதெய்வக் கோயில் கொடை. ஆறாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு "முடிஞ்சிருச்சும்மா" என்றாள். முடியவில்லை. சொன்னால் எல்லோரும் கொடைக்குப் போக, தான் மட்டும் பின்கட்டில் கிடக்க வேண்டும் என்று பயந்திருக்கிறாள். அலமாரியில் இருந்த நாப்கின் தீர்ந்ததும், என் தையல் மிஷினுக்கு அடியில் இருக்கும் வெட்டுத்துணிப் பையிலிருந்து துணி எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பையில் துணி குறைவதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 19-ம் நாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். டீச்சர் போன் செய்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது.

ஹீமோகுளோபின் 7.2 இருந்தது. அந்த வயதில் 12-க்குக் குறையக்கூடாது. டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பச்சரிசி, பல்பம், ஐஸ்கட்டி ஏதாவது திங்கிறாளா?" நான்கைந்து மாதமாகப் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்றவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். உடம்பில் இரும்புச்சத்து இல்லாதபோது சிலருக்கு அப்படி ஒரு ஆசை வருமாம். உங்கள் மகளிடம் இதைக் கவனித்துப் பாருங்கள்.

ஏன் நிற்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். மாதாமாதம் கருப்பையின் உள்பக்கத்தில் ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் ஒரு மெத்தை தைக்கிறது. கருமுட்டை வெளிவந்தால் புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து அந்தத் தையலுக்கு முடிச்சுப் போடுகிறது. மாதக் கடைசியில் மெத்தை மொத்தமாகக் கழன்று வந்து சில நாளில் நின்றுவிடும். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் பல பிள்ளைகளுக்குக் கருமுட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை. முடிச்சு விழாத தையல் எப்படி இருக்கும்? அங்கங்கே பிரிந்து நூல் வந்துகொண்டே இருக்கும். அதுதான் இது. பிள்ளை மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஓடியதாலோ சைக்கிள் ஓட்டியதாலோ சூடானதைத் தின்றதாலோ வந்ததும் இல்லை. இதை அவள் காதுபடச் சொல்லுங்கள்.

ஆக, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த வயதில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஆனால் வந்தால் ஏழு நாளுக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் இயல்பு என்று விடக்கூடாது. எங்கள் அத்தை இதைப் "பெரும்பாடு" என்று சொல்லி வாழைப்பூவும் அத்திப்பிஞ்சும் சமைத்துக் கொடுத்தார்கள். அன்போடு கொடுத்தது, சாப்பாடாக நல்லதுதான். அதை நம்பி நாளைக் கடத்தக்கூடாது, அவ்வளவுதான்.

டாக்டர் என்ன செய்வாரோ என்று பயந்துதான் பல அம்மாக்கள் தள்ளிப்போடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உள்ளே பரிசோதனை எதுவும் கிடையாது. வயிற்றின் மேல் ஜெல் தடவி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். கர்ப்பப் பரிசோதனையும் எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வது என்றார்கள். என்னை ஐந்து நிமிடம் வெளியே உட்காரவைத்துப் பிள்ளையிடம் தனியாகவும் பேசினார்கள். அடிபட்டதையோ, யாரேனும் துன்புறுத்தியதையோ பற்றி அம்மா முன்னால் வாய் திறக்காத பிள்ளைகளும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சில கேள்விகள் கேட்டார்கள். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா, பல் விழுந்தபோது ரத்தம் நிற்க நேரமானதா, லேசாக இடித்தாலே கன்னிப்போகுமா, வீட்டில் வேறு பெண்களுக்கு இப்படி உண்டா? ரத்தம் உறைவதில் பிறவியிலேயே குறை இருந்தால் அது முதன்முதலாக வெளியே தெரிவது சில பெண்களுக்கு மாதவிடாயில்தானாம். அதில் பரவலானது வான் வில்லிபிராண்ட் நோய். அதன் கதையைப் பின்னால் வாசித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர், அந்நாட்டின் ஓலந்து தீவுகளில் ஒரு குடும்பத்து ஐந்து வயதுச் சிறுமியைப் பார்த்துத்தான் 1926-ல் இந்த நோயை எழுதினார். அந்தச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயில், ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இன்று அதற்கு மருந்து இருக்கிறது. கண்டுபிடித்தால்தான் கொடுக்க முடியும். "எங்க அம்மாவுக்கும் பத்து நாள் போகும், இது எங்க வாகு" என்று நான் சொன்னதும் டாக்டரம்மா அந்தப் பரிசோதனையையும் எழுதினார். மகளுக்கு அந்தக் குறை இல்லை என்று வந்தது.

வைத்தியம் என்று பார்த்தால், ஹார்மோன் மாத்திரை 21 நாள், ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் ஐந்து நாள், கூடவே இரும்பு மாத்திரை. உங்கள் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பது டாக்டர் சொல்ல வேண்டியது, கடையில் நீங்களாக வாங்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், ரத்தம் கூடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஹார்மோன் மாத்திரை முடிந்த இரண்டு மூன்று நாளில் மறுபடி உதிரம் வரும். "திரும்பவும் ஆரம்பிச்சிருச்சே" என்று பதற வேண்டாம், அது வர வேண்டியது. இந்த மாத்திரையால் பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா என்று கேட்டேன். வராது என்றார். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும், பயப்படாதீர்கள். டீ, பாலோடு கொடுக்காமல் எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் நிறுத்தக்கூடாது. சாப்பாட்டில் முருங்கைக்கீரை, சுவரொட்டி, ஈரல், கருப்பட்டி போட்ட உளுந்தங்களி எல்லாம் கொடுத்தேன். ஆனால் 7.2-ஐச் சாப்பாடு மட்டும் தூக்கிவிடாது.

வீட்டில் நான் செய்த முதல் வேலை அந்தத் தனிப் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டது. அத்தைக்கு வருத்தம். "இத்தனை நாளும் பின்கட்டுல கிடந்தா அது பிள்ளையா, கைதியா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்களே தட்டில் களி போட்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஊட்டினார்கள். பாய் போன பிறகு பிள்ளை எதையும் மறைக்கவில்லை.

அடுத்தது நோட்டு. என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, ஒரு நாப்கின் மாற்றினால் ஒரு கோடு. முழுக்க நனைந்திருந்தால் கோட்டுக்கு மேல் புள்ளி. ரத்தம் கட்டியாக வந்தால் "க", ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதைச் சுற்றி வட்டம். "ரொம்பப் போகுது" என்று நான் சொன்னதைவிட அந்தப் பக்கம் டாக்டருக்கு நூறு மடங்கு உதவியது.

பள்ளிச் சீருடையில் பாவாடையின் உள்பக்கம் ஒரு பை தைத்தேன், நாப்கினும் மாற்று ஜட்டியும் மடித்து வைக்கும் அளவுக்கு. கைப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லோர் கண்முன்னும் பாத்ரூம் போகிற கூச்சம் அதோடு போயிற்று. உங்களுக்குத் தைக்க வராவிட்டால் எந்தத் தையல்காரரிடம் சொன்னாலும் பத்து நிமிட வேலை. வகுப்பாசிரியையிடம் நேராகப் போய், கேட்காமலே எழுந்து போக அனுமதி வாங்குங்கள். இரவில் கைக்குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் ஷீட், மேலே அடர்நிறத் துண்டு. கறை பட்டால் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், வெந்நீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும். முக்கியமாக, கறையைப் பார்த்து "ச்சே" என்று ஒரு சத்தம்கூட உங்களிடமிருந்து வரக்கூடாது. அவள் அதற்குத்தான் பயந்துகொண்டிருப்பாள்.

இன்றிரவு அவள் பக்கத்தில் போய்ப் படுங்கள். இன்று எத்தனை மாற்றினாள், நேற்று எத்தனை என்று மெதுவாகக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லி சாப்பிட வைத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி (ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்), மாற்றுத் துணி ஒன்றும் அந்தத் தாளும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.