கடற்கரை மணலில் லூபின் போன்ற காட்டுப்பூவை விதையிலிருந்து வளர்க்கலாமா?

தேவிபட்டினம் பக்கம் வீடு, முற்றமெல்லாம் மணல், லூபின் விதை போட்டால் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். லூபின் குளிர் கேட்கும் செடி; ராமநாதபுரத்து வெயிலில் அதற்குச் செலவழிப்பது வீண். அதே அவரைக் குடும்பத்தில் நம் ஊர்க் கொழுஞ்சி இருக்கிறதே! ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. லூபின் அளவுக்குப் பெரிய கதிர் கிடையாது, ஆனால் கூட்டமாகப் பூத்தால் அழகுதான்.

விதைக்காகக் கொழுஞ்சிக் காய் முற்றியதும், வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். விதைத்தோல் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே தூவினால் அங்கொன்று இங்கொன்றுதான் முளைக்கும். அதனால் பருமணலோடு சேர்த்து நன்றாகத் தேயுங்கள், தோல் சிராய்ந்தால் போதும். இல்லையென்றால் 55 டிகிரி வெந்நீரில் 2, 3 நிமிடம் போட்டெடுக்கலாம், கொதிநீர் வேண்டாம். அப்புறம் இரவு முழுக்கச் சாதாரண நீரில் ஊறட்டும். காலையில் உப்பாமல் கிடக்கும் விதைகளை மட்டும் மறுபடி தேயுங்கள்.

ஐப்பசி மழையோடு நேரடியாக விதைப்பதே நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் பிடிப்பது கஷ்டம். யூரியா வேண்டாம்; வேர்முடிச்சு நுண்ணுயிரிகளே தழைச்சத்தைத் தந்துவிடும். மாடும் அவ்வளவாக வாய் வைக்காது. அலைச்சாரல் நேராக அடிக்கும் இடமா? அங்கே கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடிதான் சரி. அதன் விதைக்கும் இதே தேய்ப்பு வேண்டும்.